அகலமான சீட்டு

முதலில் வந்தது சைக்கிள் சீட்டா, கேரளாவிலிருந்து பறவைக் காய்ச்சல் சேதியா என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சீட்டு மாட்டி மூன்று வாரம் கழித்துத்தான் பண்ணைக் கேட்டில் மருந்தடிக்க ஆரம்பித்தார்கள் என்று பொன்னாயி சொல்கிறாள். மருந்து எப்போதும் இருந்ததுதான், முன்னே சக்கரத்துக்கு மட்டும் அடித்தோம் என்கிறான் வாட்ச்மேன் தமிழரசு. சைக்கிள் கடைச் சின்னுசாமியைக் கேட்டால் அது சித்திரையே இல்லை, பங்குனி என்பார். நடந்து முடிந்த ஒன்றை ஆளாளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தால் நடுவில் கொஞ்சம் கிழியத்தான் செய்யும். சாரதாமணியைக் கேட்கலாம். அவளுக்கு நாளும் கிழமையும் நன்றாகத் தெரியும். ஆனால் அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஓலப்பாளையம் காலனியிலிருந்து கோழிப்பண்ணைக்கு ஏழு கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிறவள் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். முதல் பஸ் எட்டரைக்கு. அதனால் சாரதாமணி சைக்கிளில் போனாள். மகள் அபிநயா பதினொன்றாம் வகுப்பு படித்தபோது பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் அது. அபிநயா பஸ் ஏறி நாமக்கல்லில் காலேஜுக்குப் போக ஆரம்பித்ததும் சைக்கிள் அம்மாவிடம் வந்தது. புருஷன் முருகானந்தம் லாரி டிரைவர். ஏறினால் இருபது நாள், இருபத்தைந்து நாள். இறங்கினால் மூன்று நாள். அவனுடைய பழைய சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, சோற்றுத் தூக்குப்போசியை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, ஆறேகாலுக்குக் கிளம்புவாள்.

சைக்கிளில் குறை ஒன்றும் இல்லை, சீட்டைத் தவிர. முன்னால் கூர்ந்து, நடுவில் மேடு தட்டி, கல்லாக இறுகிய சீட்டு. பதினாறு வயதுப் பெண் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கிலோமீட்டர் போய்வர அது போதும். முப்பத்தெட்டு வயதில், ஜல்லி பெயர்ந்த ரோட்டில், தினமும் பதினான்கு கிலோமீட்டருக்குப் போதாது. அபிநயா பிறந்தபோது போட்ட தையல், பத்தொன்பது வருஷம் கழித்தும், சைக்கிளில் ஏறினால் நினைவுக்கு வந்தது. மூன்றாவது கிலோமீட்டரில் ஓடைப் பாலம். அங்கே இறங்கிவிடுவாள். பாலத்தைத் தாண்டிப் பனைமரங்கள் வரைக்கும் தள்ளிக்கொண்டே போவாள். யாராவது எதிரே வந்தால் குனிந்து செயினைப் பார்ப்பாள். அந்தச் செயின் ஒரு நாளும் கழன்றதில்லை.

பண்ணையில் பன்னிரண்டு கோழிக் கொட்டகை, அவர்கள் பேச்சில் செட்டு. காலையில் தீவனம் போட்டு, தண்ணீர் போகிற குழாயைப் பார்த்து, செத்த கோழியை எடுத்துவிட்டு, பத்து மணிக்குமேல் முட்டை பொறுக்க வேண்டும். கூண்டு வரிசைக்கு நடுவே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு கையாலும் ஆறாறாக எடுத்து அட்டையில் அடுக்குவார்கள். கோழி எருவின் நெடி முதல் மாதத்தோடு மூக்கை விட்டுப் போய்விடும். சித்திரை வெயிலில் தகரக் கூரை சடசடவென்று சத்தம் போடும். மதியச் சாப்பாடு தீவன மூட்டைகள் மேல் உட்கார்ந்து. சாரதாமணி மட்டும் தூணில் சாய்ந்து நின்றபடி சாப்பிடுவாள்.

“உக்காந்து தின்னு சாரதா. கோழியாட்ட நின்னுக்கிட்டே திங்கறே,” என்றாள் பொன்னாயி. பொன்னாயிதான் அந்தச் செட்டில் மூத்தவள். புருஷன் செத்து பதினோரு வருஷம். அவன் ஓட்டிய கம்பி வைத்த சைக்கிளைத்தான் ஓட்டுகிறாள்.

“உக்கார முடியலீங்கக்கா.”

“சீட்டா?”

சாரதாமணி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

“நானுந்தான் துண்டச் சுத்தி வெச்சுப் பாத்தேன். பழைய செருப்பக் கிழிச்சு வெச்சுக் கட்டிப் பாத்தேன். ஒண்ணும் ஆவல. அப்பறம் மரத்துப் போச்சு. இப்ப அங்க உசுரு இருக்குதா இல்லியான்னே தெரியல.”

“இருந்து மட்டும் உங்களுக்கு என்ன ஆவப்போவுதுங்கக்கா?” என்றது மூட்டைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல்.

எல்லோரையும்விடப் பொன்னாயிதான் அதிகம் சிரித்தாள். “அதுஞ் செரிதான். போனவன் எந்திரிச்சா வரப்போறான்.” பிறகு சாரதாமணியிடம், “கடைக்காரங்கிட்டக் கேளு புள்ள, வேற சீட்டு இருக்கும்,” என்றாள்.

“என்னன்னுங்கக்கா கேக்கறது?”

நான்கு பெண்களும் கொஞ்ச நேரம் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னுசாமியின் கடை நால்ரோட்டில், புளியமரத்தடியில். நல்ல மனுஷன். சைக்கிளைப் பார்த்ததும் மணியடித்துப் பார்ப்பது அவர் பழக்கம். முதல் தடவை போனபோது சாரதாமணி, “முதுகு வலிக்குதுங்ணா, சீட்டுகீட்டு ஏதாச்சும் மாத்தோணுமான்னு பாருங்க,” என்றாள். முதுகு வலியென்றால் குனிந்து ஓட்டுவதுதான் காரணம் என்று அவர் ஹேண்டில்பாரை இரண்டு விரற்கடை உயர்த்தினார். உடம்பின் பாரம் முழுக்கப் பின்னால் இறங்கியதில் வலி கூடிற்று. பத்து நாள் கழித்துப் போய், “தொடை வலிக்குதுங்ணா,” என்றாள். அவர் சீட்டை இறக்கிவைத்தார். முழங்கால் மடங்கி, மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் சீட்டின் முனை ஏறி இடித்தது. சின்னுசாமி வேலையில் குறை வைக்கவில்லை. அவளும் உண்மையைச் சொல்லவில்லை.

மூன்றாம் தடவை அபிநயா கூட வந்தாள்.

“மாமா, எங்கம்மாளுக்கு முதுகும் வலிக்கல, தொடையும் வலிக்கல. உக்கார்ற எடத்துல வலிக்குது.”

“சும்மா இரு கண்ணு,” என்றாள் சாரதாமணி புளியமரத்தைப் பார்த்துக்கொண்டு.

“என்னத்தச் சும்மா இருக்கறது. மாமா, இந்த சீட்டெல்லாம் ஆம்பளைக்கு அளவெடுத்துச் செஞ்சது. பொம்பளைக்கு இடுப்பெலும்பு அகலம். அகலமா, நடுவால பள்ளம் உட்டு ஒரு சீட்டு வருது. இதா பாருங்க.” போனை நீட்டினாள்.

சின்னுசாமி கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இருவத்தெட்டு வருசமாக் கடை வெச்சிருக்கறேன். ஒரு பொம்பளையும் சீட்டு செரியில்லீன்னு வந்து சொன்னதில்லையே அம்மிணி.”

“சொல்லீருந்தா என்ன பண்ணீருப்பீங்க?”

அவர் யோசித்தார். “என்ன பண்ணீருப்பேன். சிரிச்சிருப்பேன்.”

பிறகு உள்ளே போய், பழைய டயர்களைப் புரட்டி, கறுப்பாக ஒன்றை எடுத்துவந்தார். சேலத்தில் யாரோ உடற்பயிற்சிக் கூடத்தைக் காலி செய்தபோது வந்ததாம். நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிளின் சீட்டு. பாதி முறம் அகலம், உள்ளே நான்கு விரல் தடிமனுக்கு ஸ்பாஞ்சு, மேலே ரெக்சின், சுற்றிலும் மொத்த நூலில் தையல், அடியில் இரண்டு ஸ்பிரிங்கு.

“இத மாட்டிப் போனா ஊரே பாக்கும்,” என்றார்.

“பாக்கட்டும்,” என்றாள் அபிநயா.

மறுநாள் சாரதாமணி ஓடைப் பாலத்தில் இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்ற நினைப்பே பனைமரங்களைத் தாண்டின பிறகுதான் வந்தது. சோளக்காட்டில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு நாளாக அந்தக் காட்டைத் தாண்டிப் போகிறோம், அங்கே ஒரு கிணறு இருப்பதையே பார்த்ததில்லையே என்று நினைத்தாள். ஆறு ஐம்பதுக்கெல்லாம் கேட்டுக்கு வந்துவிட்டாள். அன்று மதியம் மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டாள். “புதுப் பொண்ணு உக்காந்துட்டா,” என்றாள் பொன்னாயி. சிரித்தார்கள். அந்த மூன்று வாரம் அவள் யாரிடமும் சிடுசிடுக்கவில்லை என்று அபிநயா பிற்பாடு சொன்னாள். வலி இல்லாமல் இருப்பது இப்படி இருக்குமா என்று சாரதாமணி ஒரு நாள் மகளிடம் கேட்டாளாம்.

அப்புறம்தான் கேரளாவில் வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்த சேதி வந்தது. பண்ணைகளில் எல்லாம் ஒரே பரபரப்பு. வெளி ஆள் உள்ளே வரக்கூடாது, உள்ளே வருகிற எதுவும் மருந்தில் நனையாமல் வரக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். கேட்டில் டிரம் வைத்து, பால் மாதிரி வெளுத்த மருந்துத் தண்ணீரைக் கலக்கி, முதுகில் மாட்டுகிற ஸ்பிரேயரோடு தமிழரசு நின்றான். வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை.

“டயருக்கு அடிச்சாப் பத்தாதா தம்பி?” என்றாள் சாரதாமணி.

“சக்கரம், செயினு, சீட்டு, எல்லாம் நனையோணுமுன்னு உத்தரவுங்கக்கா. உங்க சீட்டு பெருசு, உங்களுக்கு ரெண்டடி எச்சா.” சிரித்துக்கொண்டே அடித்தான். வேலையில் சுத்தமான பையன். தையல் இடுக்கில்கூட விட்டுவைக்க மாட்டான்.

அவள் சட்டைக் கையால் சீட்டைத் துடைத்துவிட்டு ஏறுவாள். ரெக்சின் துடைத்ததும் காய்ந்துவிடும். வீட்டுக்கு வந்து இறங்கும்போது சேலை பின்னால் ஈரமாக இருக்கும். வெயில், வியர்வை என்று நினைத்துக்கொண்டாள். சித்திரையில் யாருக்குத்தான் வியர்க்காது.

பத்து நாளில் அரிப்பு எடுத்தது. பிறகு எரிச்சல். தேங்காயெண்ணெய் தடவினாள். கற்றாழையைப் பிளந்து தடவினாள். இடையில் முருகானந்தம் வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனான். அவன் போன வாரத்தில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. நடக்கும்போது காலை அகட்டி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் கொஞ்சம் ஆறுகிற மாதிரி இருக்கும். ஓய்வெடுத்தால் எந்தப் புண்ணும் ஆறும் என்பதற்குமேல் அவள் அதை யோசிக்கவில்லை.

பொன்னாயிதான் அவளை டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பெண் டாக்டர். நாற்பது பேர் வெளியே காத்திருந்தார்கள். திரையை இழுத்துவிட்டு ஒரு நிமிஷம் பார்த்தார். கையைக் கழுவினார்.

“எத்தனை நாளா?”

“பாஞ்சு நாளா இருக்குமுங்க.”

“வீட்டுக்காரர் என்ன வேலை?”

“லாரிங்க.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. டாக்டர் நிமிர்ந்து சாரதாமணியை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அனுதாபம் இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது.

“ரத்தம் குடுத்துட்டுப் போங்க. அஞ்சு நாள் கழிச்சு ரிசல்ட் வரும். மாத்திரை எழுதியிருக்கேன், அவரும் சாப்பிடணும். வந்தா கூட்டிட்டு வாங்க.”

வெளியே நர்ஸ் ரத்தம் எடுத்துக்கொண்டே மற்றவர்களுக்கும் கேட்கிற குரலில், “லாரிக்காரரா? அப்ப அதேதான். துண்டு, சோப்பு எல்லாம் தனியா வெச்சுக்கங்கம்மா,” என்றாள். பெஞ்சில் இருந்த ஒரு கிழவி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பொன்னாயி, “ஆம்பள. தூரந்தொலவு. என்ன பண்றது சாமி,” என்றாள்.

சாரதாமணிக்குப் பதினெட்டு வயதில் கல்யாணம். இருபது வருஷத்தில் முருகானந்தத்தைப் பற்றி அப்படி ஒரு பேச்சு வந்ததில்லை. குடிப்பதும் எப்போதாவதுதான். லோடு இறக்கப் போகிற ஊரிலிருந்தெல்லாம் போன் செய்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறவன். அதையெல்லாம் அவள் அடுத்த மூன்று நாளும் நினைத்துப் பார்த்தாள். நினைக்க நினைக்க எல்லாமே வேறு மாதிரித் தெரிந்தது. எதற்கு அப்படிப் போன் செய்தான். எதற்குச் சாப்பாட்டைக் கேட்டான். நாக்பூரில் இரண்டு நாள் லோடு கிடைக்கவில்லை என்றானே, அந்த இரண்டு நாள் எங்கே இருந்தான்.

நான்காம் நாள் மதியம் முருகானந்தம் வந்தான். லாரி எப்.சி. சோதனைக்காகப் பட்டறையில் நிற்கிறது, வந்துவிட்டேன் என்றான். ரிசல்ட் மறுநாள் வரவேண்டும். அவன் குளித்துவிட்டு வந்து சோற்றுக்கு உட்கார்ந்தான். அரிசியும் பருப்பும் சாதம், பண்ணையில் கொடுத்த ஓடு வெடித்த முட்டையில் பொரியல். அபிநயா பஸ் பாஸ் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள்.

சோப்பையும் துண்டையும் நர்ஸ் தனியாக வைக்கச் சொன்னாள். தட்டைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. அது சாரதாமணியாக நினைத்தது. வயதுக்கு வந்த பிள்ளை இருக்கிற வீடு என்று பயந்தாள். ஆட்டுக்கொட்டாயில் தவிடு அள்ளுகிற பழைய அலுமினியத் தட்டை விளக்கி, அதில் சோற்றைப் போட்டு அவன் முன்னால் வைத்தாள்.

அவன் தட்டைப் பார்த்தான்.

“இது என்ற தட்டில்லியே.”

“கழுவித்தானுங்க இருக்குது.”

“என்ற தட்டு எங்க புள்ள?”

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சோப்பு தனியா இருந்துச்சு. துண்டும் கொடீல தனியாத் தொங்குது. புதுசாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். என்னாச்சு?”

அவள் கிளினிக்கில் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள். மாத்திரை அட்டையையும் வைத்தாள்.

“நீங்களும் இதத் திங்கோணுமாமா. எனக்குப் புண்ணு. லாரிக்காரவியகிட்ட இருந்து வார சீக்குங்கறாங்க.”

அவன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். செக்போஸ்ட்டில் காகிதம் பார்த்துப் பழகிய கண். வெளியே ஆடு செருமியது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

“டாக்டரு சொன்னாங்களா, நீ சொல்றயா?”

“டாக்டருதான்.”

“நீ என்ன சொன்னே?”

“நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க.”

“அதத்தான் கேட்டேன்.”

அவன் சோற்றைப் பிசையவும் இல்லை, எழவும் இல்லை. கடைசியில் பேசியபோது குரல் உயரவில்லை.

“எங்கப்பன் நால்ரோட்டு டீக்கடைல தனித் தம்ளர்ல குடிச்சவன். குடிச்சுப்போட்டு அவனே கழுவி, சொவுத்து மேல கவுத்தி வெக்கோணும். நான் ஒம்பது வயசுல பக்கத்துல நின்னு பாத்திருக்கறேன். அதுக்குத்தான் லாரிக்குப் போனேன். எத்தன ஊரு போயிருக்கறேன், எந்தத் தாபாவுலயும் எவனும் எனக்குத் தட்டப் பிரிச்சு வெக்கல. என்ற ஊட்டுல வெச்சிருக்கறே.”

“புள்ள இருக்குதுன்னுதானுங்க.”

“ஆமா. புள்ளைக்கு ஒட்டிக்கும்.”

அவன் அந்தத் தட்டிலேயே சாப்பிட்டான். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. வெளியே போய்த் தொட்டித் தண்ணீரில் தட்டைக் கழுவினான். ஆட்டுக்கொட்டாய்ச் சுவர்மேல் கவிழ்த்து வைத்தான். மாத்திரை அட்டையையும் காகிதத்தையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டான். அங்கிருந்தே லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பியது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

மறுநாள் ரிசல்ட் வந்தது. ஒன்றும் இல்லை. “சில சமயம் உடனே தெரியாது, மாத்திரையை நிறுத்தாதீங்க,” என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தை போதாதா. சாரதாமணி ‘ஒன்றும் இல்லை’ என்பதைப் பிடித்துக்கொள்ளவில்லை. ‘உடனே தெரியாது’ என்பதைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் சீட்டின் தையல் ஒரு ஓரத்தில் விட்டுப்போயிற்று. வேலை முடிந்து வரும் வழியில் நால்ரோட்டில் நிறுத்தினாள். சின்னுசாமி சீட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தைப்பதற்கு வாகாக ரெக்சினைப் பிரித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஏனம்மிணி, கோழிப்பண்ண மருந்து நாத்தம் அடிக்குது.”

“கேட்டுல அடிக்கறாங்கண்ணா. தொடச்சுத்தான் ஓட்டறேன்.”

“மேல தொடச்சா? இங்க பாரு.” ஸ்பாஞ்சைக் கையால் அமுக்கினார். வெளுத்த தண்ணீர் விரலிடுக்கில் வழிந்து, அவர் முழங்கால் மேல் சொட்டி, தரையில் விழுந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி வந்தது. “தையல் ஓட்ட வழியா உள்ள போயிப் பூராக் குடிச்சு வெச்சிருக்குது. மேல காஞ்சிருக்கும், உக்காந்தா அமுங்கி வெளிய வரும். இது சும்மாத் தண்ணியா? தோலு வெந்துபோவுமே. உனக்கு ஒண்ணும் பண்ணலியா?”

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“எனக்கே கை எரியுது,” என்று சொல்லிவிட்டு அவர் குழாயடிக்குப் போனார். திரும்பி வந்தபோது சாரதாமணி மரத்தடியில் மண்ணில் உட்கார்ந்து, அந்த ஸ்பாஞ்சைக் கையில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். அதில் வருவதற்கு இனி ஒன்றும் இல்லை. “போட்டுட்டுப் போய்க் கையக் கழுவு அம்மிணி,” என்று அவர் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. பழைய சீட்டையே மாட்டித் தரச் சொன்னாள். மாட்டினார். நான்காம் நாளில் புண் வாடத் தொடங்கியது.

அன்றைக்குச் சாயங்காலம் அவனுக்குப் போன் செய்தாள். ஒன்பது நாளாக இரண்டு பேரும் பேசியிருக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தான். இஞ்சின் ஓடுகிற சத்தம் கேட்டது.

“எங்கீங்க இருக்கறீங்க?”

“ஆந்திராவுல, அதோனி தாண்டி.”

“அது சீட்டுங்க மாமா. சைக்கிள் சீட்டு. பண்ணையில அடிக்கற மருந்து உள்ள எறங்கியிருக்குது. சின்னுசாமியண்ணன் பிரிச்சுக் காட்டுனாரு. இப்ப ஆறீட்டு வருதுங்க.”

இஞ்சினை நிறுத்தினான். லைன் கட்டாகிவிட்டதோ என்று அவள் போனை எடுத்துப் பார்த்தாள்.

“நான் தப்பா நெனச்சுப்போட்டனுங்க.”

“நானும் டெஸ்ட் எடுத்தேன்,” என்றான் அவன். “நாக்பூர்ல. நீ குடுத்த காயிதத்தக் காட்டி.”

“நீங்க எதுக்குங்க? ஒண்ணும் பண்ணாதவிய…”

“பண்ணலீன்னு எனக்குத் தெரியும். ஆனா நீயே நெனச்சுட்டயேன்னு எனக்கே எம்மேல சந்தேகம் வந்துருச்சு. அன்னிக்கு ஒருக்காக் குடிச்சனே, அப்ப என்னமோ பண்ணிப்போட்டு மறந்துட்டனோன்னு. ரெண்டு மணி நேரம் வரிசைல நின்னேன்.”

“என்ன வந்துச்சுங்க?”

“என்ன வரும்.”

அவள் அழுதாள். அவன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஒண்ணு கேக்கறேன் புள்ள. சீட்டுன்னு தெரிஞ்சதால கூப்புட்டே. அந்தத் தையல் உட்டுப்போவாம இருந்திருந்தா?”

அவன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு, “செரி, வண்டிய எடுக்கோணும்,” என்று வைத்துவிட்டான்.

பறவைக் காய்ச்சல் பேச்சு ஆடியோடு அடங்கிவிட்டது. தமிழரசு அதே கேட்டில்தான் இருக்கிறான். இப்போது டயருக்கு மட்டும் அடிக்கிறான். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. சின்னுசாமி அகலமான சீட்டுகள் நான்கைந்து வாங்கி வைத்திருக்கிறார். முதுகு வலி என்று சொல்லிக்கொண்டு பெண்கள் வந்தால் பேசாமல் அதை எடுத்து மாட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிக் கொடுக்கிறார். பொன்னாயி சீட்டு மாற்றவில்லை. மரத்துப்போனதுக்கு எதுக்கு மெத்தை என்கிறாள். கிளினிக்கில் கூட்டம் குறையவில்லை. அபிநயா படிப்பை முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் ஏன் பேசிக்கொள்வதில்லை என்பது அவளுக்குத் தெரியும். முருகானந்தம் வீட்டை விட்டுப் போய்விடவில்லை. மாதத்துக்கு மூன்று நாள் வருகிறான், சம்பளம் முழுதும் கொடுக்கிறான். சாப்பிடும் நேரத்தில் எழுந்து போய், சுவர்மேல் கவிழ்ந்திருக்கும் அந்த அலுமினியத் தட்டை எடுத்துவருகிறான். ஒரு தடவை சாரதாமணி அதைக் கொண்டுபோய் ஓடையில் எறிந்துவிட்டாள். அவன் சந்தையில் அதே மாதிரி ஒன்று வாங்கிவந்தான். சாப்பிட்டு, கழுவி, கவிழ்த்து வைக்கிறான்.

சாரதாமணி அந்தப் பழைய சீட்டில்தான் பண்ணைக்குப் போய்வருகிறாள். ஓடைப் பாலத்தில் இறங்கிப் பனைமரங்கள் வரைக்கும் தள்ளிக்கொண்டு நடக்கிறாள். எதிரே யார் வந்தாலும் செயினைப் பார்க்கிற மாதிரி இப்போதெல்லாம் குனிவதில்லை.